புகை போட எந்த விறகு? கறிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் மகளிர் சுயஉதவிக் குழுவினர் இந்த இதழுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். சாளையும் கானாங்கெளுத்தியும் வலை நிறைய விழும் நாட்களில் விலை அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. மிஞ்சியதைக் கருவாடாகப் போட்டால், மழைக்காலத்தில் சரியாகக் காய்வதில்லை. அதனால் மீனைப் புகை போட்டு விற்கலாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். கைகூடினால் நாட்டுக்கோழியும் வெள்ளாட்டுக் கறியும் போடும் எண்ணம் உண்டு. விறகுக்குச் செலவே இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஊரைச் சுற்றிச் சீமைக்கருவேலம் நிற்கிறது. தோப்பில் தேங்காய் மட்டை குவிந்து கிடக்கிறது. மர வாடியில் மரத்தூளை இலவசமாகவே அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். கரையில் பழைய படகுப் பலகைகள் வேறு கிடக்கின்றன. 'இவற்றில் எதை எதற்குப் போடலாம்? புகை என்றால் எல்லாம் ஒன்றுதானே?' என்று கேட்கிறார்கள்.

எல்லாப் புகையும் ஒன்றல்ல. அவர்கள் சொன்ன நான்கில் இரண்டைப் பயன்படுத்தலாம். இரண்டைத் தொடவே கூடாது. மட்டையும் சீமைக்கருவேலமும் ஆகும். வாடித் தூளும் படகுப் பலகையும் ஆகாது. காரணம் தெரிந்துகொண்டால், வேறு ஊரில் வேறு மரம் கிடைக்கும்போதும் தாங்களாகவே முடிவெடுக்கலாம்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

மரம் எரியும்போது அதிலுள்ள நார்ப்பொருளும், அந்த நாரைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்ற பொருளும் சூட்டில் சிதைகின்றன. நார்ப்பொருளிலிருந்து அசிட்டிக் அமிலமும், மீனுக்குப் பொன்னிறம் தரும் பொருட்களும் வருகின்றன. லிக்னினிலிருந்து ஃபீனால்கள் வருகின்றன. புகைக் கறியின் மணம் பெரும்பாலும் இந்த ஃபீனால்களால்தான். மீன்நெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடுவதும், மேற்பரப்பில் கிருமி பெருகுவதைக் கொஞ்சம் தடுப்பதும் இவையே.

நெருப்பு அளவு மீறி, காற்றுப் போதாமல் எரிந்தால் கரியும் தாரும் சேர்ந்த புகை கிளம்பும். அதில் பென்சோபைரீன் முதலிய பொருட்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பென்சோபைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் முதல், புகை போட்ட மீனிலும் இறைச்சியிலும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவுக்கே அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். எந்த விறகு, எப்படி எரிகிறது என்ற இரண்டும்தான் இந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

முதலில் தள்ள வேண்டியவை

பொருத்தமான விறகைத் தேடுவதற்கு முன், ஆகாத விறகை ஒதுக்கிவிட வேண்டும்.

பழைய படகுப் பலகையில் வருடக்கணக்காகப் பூசிய பெயின்டும் தாரும் எண்ணெயும் ஊறியிருக்கும். சில பலகைகள் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியவை. அந்த மருந்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் எனும் நச்சு கூட இருக்கலாம். இதை எரித்த புகை மீனில் படிந்தால் கழுவினாலும் போகாது. உடைத்த கதவு, ஜன்னல், பிளைவுட், பெட்டிப் பலகை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பிளைவுட்டில் பசை இருக்கிறது.

வாடியிலிருந்து வரும் மரத்தூளில் எந்த மரம், எத்தனை மரம் கலந்திருக்கிறது என்று வாடிக்காரருக்கே தெரியாது. தேக்கு, வேம்பு, யூகலிப்டஸ், இறக்குமதிப் பைன் எல்லாம் ஒரே குவியலில் விழும். ரம்பத்துக்கு விடும் எண்ணெயும் சிந்தியிருக்கும். மரத்தூள் கனன்று புகைய ஏற்றது என்பது உண்மைதான். ஆனால் ஒரே மரத்தை, தெரிந்த மரத்தை, சுத்தமான ரம்பத்தில் தனியாக அறுத்து எடுத்த தூளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலவசம் என்பதற்காக வாங்கக்கூடாது.

பைன், சைப்ரஸ் போன்ற ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம். கரிப்புகை கிளம்பும், கசப்பும் தார் வாடையும் ஏறும். யூகலிப்டஸில் தைல வாடை வரும். வேப்ப மூட்டம் கொசுவை விரட்டப் போடுவது. சாப்பிடும் பொருளின் மேல் அதைப் படிய விட வேண்டியதில்லை.

நச்சு மரங்களில் துளியும் சலுகை கிடையாது. அரளி, மஞ்சள் அரளி, எட்டி, எருக்கு, கள்ளி, காட்டாமணக்கு, சேராங்கொட்டை ஆகியவற்றின் குச்சிகூட விறகுக் கட்டில் கலந்து வரக்கூடாது. கழிமுக ஓரங்களில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், அதையும் தொடக்கூடாது. கடலூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓடும் ஆகாது. அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

நெருப்புப் பற்றவைக்க மண்ணெண்ணெய், பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு வேண்டாம். தென்னம்பாளையும் காய்ந்த ஓலையும் போதும்.

மீனுக்கு எது?

மீனின் சதை மெல்லியது. மணத்தைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். கொழுப்புள்ள மீன் இன்னும் அதிகமாக வாங்கும், ஏனென்றால் புகையிலுள்ள ஃபீனால்கள் கொழுப்பில் நன்றாகக் கரைகின்றன. ஆகவே சாளை, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் புகைக்கு ஏற்றவை. காரப்பொடி போல மெலிந்த மீன்கள் மணம் ஏறுவதற்குள் வறண்டுபோகும். அவற்றைக் கருவாடாகப் போடுவதே லாபம்.

மீனுக்கு மென்மையான புகை வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு முதல் இடம் தேங்காய் மட்டைக்குத்தான். கொழுந்துவிட்டு எரியாமல் நாரோடு கனன்று புகைவது அதன் குணம். இது சோதித்துப் பார்த்த வழியும்கூட. லட்சத்தீவின் மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரையை உப்புநீரில் வேகவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி, வெயிலில் கல் போலக் காயவைக்கிறார்கள். நம் கடைகளில் மாசி என்று விற்பது அதுதான். இலங்கைச் சமையலில் சம்பலுக்கும் குழம்புக்கும் இடித்துப் போடுவதும் அதே மாசிதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கயிறு திரிக்க உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டையில் அழுகல் வாடை இருக்கும். அது மீனுக்கும் ஏறும்.

அடுத்த இடம் பழமரங்களுக்கு. கொய்யாவும் மாவும் இதமான, சற்றே இனிய மணம் தரும். கொய்யாத் தோட்டத்தில் கவாத்து செய்யும்போது கழியும் கிளைகளைப் பெரும்பாலும் வரப்போரம் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். கட்டை விரல் பருமனுக்கு மேலுள்ளதைத் தனியாக எடுத்து அடுக்கினால் ஒரு குழுவின் ஒரு பருவத் தேவைக்கு வரும். மருந்து தெளித்த உடனே வெட்டிய கிளை மட்டும் வேண்டாம். இலையையும் பட்டையையும் நீக்கிவிடுவது நல்லது. வெளிநாடுகளிலும் கணக்கு இதேதான். அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் சால்மன் மீனுக்கு ஆல்டர் என்ற மென்புகை மரத்தைப் போடுகிறார்கள். பன்றிக்கறிக்குப் போடும் காரமான ஹிக்கரியை மீனுக்கு அவ்வளவாக எடுப்பதில்லை.

கறிக்கு எது?

நாட்டுக்கோழி மீனுக்கு அடுத்த படியில் நிற்கிறது. கொய்யா, மா இரண்டும் பொருந்தும். ஹவாய்த் தீவில் கோழி வாட்டக் கியாவி என்ற மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். கொய்யா விறகில் கறியைப் புகை போடும் வழக்கமும் அங்கே உண்டு. அந்தக் கியாவி, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு.

ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் தனக்கே உரிய அழுத்தமான சுவை இருப்பதால் காரமான புகையையும் தாங்கும். இங்கேதான் சீமைக்கருவேலத்துக்கு வேலை வருகிறது. விவசாயிகள் வேரோடு பிடுங்க நினைக்கும் இந்த மரத்தின் உடன்பிறப்புதான், அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியில் மாட்டுக்கறி வாட்டப் பெயர்போன மெஸ்கிட் மரம். வைரம் பாய்ந்த கட்டை. நீண்ட நேரம் தணல் நிற்கும். அதன் புகை முரட்டுப் புகை. பச்சை விறகாகவோ, பல மணி நேரமோ போட்டால் கறி கசந்துவிடும். கட்டையைத் தனியாக எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலைக் கறிக்கு அடியில் தள்ளுவதுதான் சரி. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரியும் இதே மரத்தினுடையதுதான்.

பன்றிக்கறியில் கொழுப்பு அதிகம். கொய்யாவும் மாவும் அதற்கு நன்றாகப் பொருந்தும். ஜமைக்காவில் பன்றிக்கும் கோழிக்கும் சர்வசுகந்தி மரத்தின் கட்டையைப் போடுகிறார்கள். கன்னியாகுமரி மலைத் தோட்டங்களில் அந்த மரம் வைத்திருப்பவர்கள் கவாத்துக் கிளையைச் சிறிதளவு போட்டுப் பார்க்கலாம்.

சவுக்கு, புளி, நாட்டுக் கருவேலம் மூன்றும் சூட்டுக்கான விறகுகள். இவற்றின் தணல் நன்றாக இருக்கும். மணத்துக்காக இவற்றை நாட வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு எளிய வழி கிடைக்கிறது. சூட்டை ஒரு விறகிலிருந்தும் மணத்தை இன்னொரு விறகிலிருந்தும் எடுக்க வேண்டும். சீமைக்கருவேலக் கரியிலோ சவுக்குத் தணலிலோ சூடு. அதன் மேல் அவ்வப்போது ஒரு கைப்பிடி மட்டையோ கொய்யாச் சில்லோ போட்டால் புகை. இப்படிச் செய்தால் கரிப்புகை குறையும், விறகுச் செலவும் குறையும், ஒவ்வொரு முறையும் ஒரே மணம் வரும். வாங்குகிறவர் இரண்டாம் முறையும் தேடி வருவது அந்த ஒரே மணத்துக்காகத்தான்.

விறகைப் பதப்படுத்துவது

பச்சை மரத்தின் எடையில் பாதியளவுகூடத் தண்ணீர் இருக்கும். அது நன்றாக எரியாமல் தாரைக் கக்கும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மழை படாமல் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக விட்டு ஆறு மாதம் காயவிட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமாகச் சத்தம் வராமல் கணீரென்று கேட்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த விறகும் மட்டையும் சமையலடுப்புக்குப் போகட்டும், புகைக்கு வேண்டாம்.

எரியும்போது புகையின் நிறமே சாட்சி. மெல்லியதாக, லேசாக நீலம் பாய்ந்திருந்தால் நல்ல புகை. கெட்டியாக வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கறுப்பாகவோ வந்தால் மீனை எடுத்துவிட்டு, காற்று போகும் வழியைச் சரிசெய்த பிறகு மறுபடி வைக்க வேண்டும்.

புகை மணம் தரும், காப்பது வேறு

இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் மறக்கக் கூடாத இடம் இது. புகை ஏறியதால் மட்டும் மீன் கெடாமல் இருக்காது. காப்பது உப்பு, உலர்ச்சி, சூடு, குளிர் ஆகிய நான்கும்தான்.

சாளைக்கும் கானாங்கெளுத்திக்கும் இந்த முறை பொருந்தும்:

1. படகிலிருந்தே மீன் ஐஸில் வர வேண்டும். கரைக்கு வந்ததும் செவுளும் குடலும் நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

2. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உப்பு கரைத்து, சிறிய மீனை அரை மணி நேரம், பெரியதை ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும்.

3. எடுத்து, ஈ மொய்க்காமல் வலை மூடி, நிழலில் காற்றோட்டமாக ஒன்றிரண்டு மணி நேரம் தொங்கவிட வேண்டும். மேல்தோல் ஈரம் வற்றி மினுமினுப்பாக வந்தால்தான் புகை சீராக ஒட்டும். ஈர மீனில் கரியும் புளிப்பும்தான் ஒட்டும்.

4. முதலில் இளஞ்சூட்டில் புகை காட்டி, பிறகு சூட்டை ஏற்ற வேண்டும். மீனின் நடுச்சதையில் 63 டிகிரி செல்சியஸ் சூடு அரை மணி நேரம் நிற்க வேண்டும். கோழிக்கும் மற்ற கறிக்கும் நடுவில் 75 டிகிரி எட்ட வேண்டும். சதைக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று குழுவிடம் இருப்பது அவசியம், கைக்கணக்கு உதவாது.

5. மீன்நெய்யும் கொழுப்பும் நெருப்பில் சொட்டக்கூடாது. சொட்டினால் அது எரிந்து, முன்சொன்ன பென்சோபைரீனை உண்டாக்கும். நெருப்புக்கும் மீனுக்கும் நடுவே ஒரு தகடு வைத்து நெய்யைப் பக்கவாட்டில் வடியவிட வேண்டும்.

6. முழுதும் ஆறிய பிறகே கட்ட வேண்டும். மெத்தென்று இருக்கும் புகைமீன் கருவாடு அல்ல. வெளியில் வைத்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும். 4 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் சில நாட்கள் இருக்கும். காற்றுப் புகாத உறையில் கட்டிச் சாதாரண அறைச் சூட்டில் கடையில் தொங்கவிடவே கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமியின் நச்சு உயிரைப் பறிக்கும். அது இருந்தாலும் வாடையில் தெரியாது.

குளிர்ப்புகை என்று 30 டிகிரிக்கும் குறைந்த சூட்டில் போடும் முறை குளிர் நாடுகளில் உண்டு. நம் வெயிலில் அதை முயல வேண்டாம்.

அடுப்பும் ஆளும்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் மீனவப் பெண்கள் பயன்படுத்தும் சோர்க்கோர் அடுப்பு எளிமையானது. மண்ணாலோ செங்கல்லாலோ ஒரு பெட்டி கட்டி, மேலே வலைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். விறகு மிச்சமாகும்; ஒரே நேரத்தில் நிறைய மீன் போடலாம். பின்னர் செனகலின் தியாரோயில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு மேம்படுத்திய அடுப்பில், கொழுப்பு வடியும் தகடும், தணல் சூட்டையும் புகையையும் தனித்தனியே தரும் அமைப்பும் சேர்ந்தன. நம் நாட்டில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் புகையூட்டும் கூடங்களை வடிவமைத்திருக்கிறது. அடுப்புக் கட்டும் முன் அங்கோ, நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கக்கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமில்லாதது, ஆளையே கொல்லும். திறந்த கொட்டகையில், காற்று வீசும் திசை பார்த்து, புகைபோக்கியோடு அமைக்க வேண்டும். மீனை விற்கும் வருமானம், அடுப்படியில் நிற்கும் பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் விலையாகக் கேட்கக்கூடாது. கைக்குழந்தையோடு வருகிறவர்களைக் கழுவும் வேலையிலும் கட்டும் வேலையிலும் வைக்கலாம்.

விற்பனைக்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், உறையில் போட்ட தேதியும் கட்டாயம்.

வாசகர்களின் வேறு இரண்டு கேள்விகள்

*கொஞ்சம் வாடை வந்த மீனைப் புகை போட்டால் சரியாகிவிடுமா?*

ஆகாது. சாளை, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். அது வேகவைத்தாலும் புகை போட்டாலும் அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வயிற்றுப்போக்கும் வரும். நல்ல மீனைத்தான் புகை போட வேண்டும்; கெட்டது உரக்குழிக்குப் போக வேண்டும்.

*நீலகிரியில் வீட்டடுப்புக்கு மேல் பன்றிக்கறியைத் தொங்கவிட்டு வைத்துக்கொள்ளலாமா? அங்கே கிடைப்பது பைனும் யூகலிப்டஸும்தான்.*

நாகாலாந்தில் அடுப்புக்கு மேல் பன்றிக்கறியை நாள்கணக்கில் புகையில் தொங்கவிடுவது பழைய வழக்கம். ஆனால் பைனையும் யூகலிப்டஸையும் எரிக்கும் அடுப்புக்கு மேல் அதைச் செய்ய வேண்டாம். பேரி, பிளம்ஸ் தோட்டங்களில் குளிர்காலக் கவாத்தில் கழியும் கிளைகளைக் காயவைத்துப் பயன்படுத்தலாம். உப்பு தேய்த்த கறியை மெல்லிய கீற்றுகளாக அறுத்துப் போட வேண்டும். சாப்பிடும் முன் மறுபடி நன்றாக வேகவைக்க வேண்டும்.

புகைக் கறி தினச் சாப்பாடு அல்ல என்பதையும் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும். உப்பிட்டும் புகை போட்டும் பதப்படுத்திய இறைச்சியை 2015 அக்டோபரில் அதே புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்தது. ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி கேட்ட குழுவினர் மட்டையிலிருந்தே தொடங்கலாம். முதலில் ஐந்து கிலோ சாளை போட்டு, வீட்டார் சாப்பிட்டுப் பார்த்து, கசப்பும் கரியும் இல்லை என்று உறுதியான பிறகு சந்தைக்குப் போகலாம். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி வைத்தால் ஆறு மாதத்தில் அது ஆட்டுக்கறிக்குத் தயாராகிவிடும். படகுப் பலகை கரையிலேயே கிடக்கட்டும்.